மஞ்சள் வெளிச்சக்காரர்

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. பெயிண்ட் கடையில் முதலாளியிலிருந்து வேன் டிரைவர்வரை எல்லாருக்கும் அவர் லூமன். ஒரு விளக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுக்கிறது என்று அளக்கும் அளவுக்கு லூமன் என்று பெயர். அந்த வார்த்தையை நாள் முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருந்ததால் அதுவே அவர்மேல் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

கடையில் அவருக்கு நிறம் கலக்கும் வேலை. யாராவது சுவரிலிருந்து பெயர்த்த காரைத் துண்டையோ பழைய திரைச்சீலையின் ஓரத்தையோ நீட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார்கள். லூமன் அதை வாங்கி, பையிலிருந்து விரல் நீள டார்ச் ஒன்றை எடுத்து அடித்துப் பார்ப்பார். கடையின் டியூப் லைட்டை அவர் நம்புவதில்லை. "டியூப் லைட்டுல எல்லா நிறமும் நல்ல பிள்ளையாத்தான் நிக்கும்" என்பார். பிறகு வெள்ளை பெயிண்ட் டப்பாவில் மஞ்சள் சாயம் கொஞ்சம், கறுப்பு ஒரு சொட்டு, சிவப்பு ஊசிமுனை அளவு என்று விட்டு, குலுக்கும் இயந்திரத்தில் மாட்டி எடுத்தால் நிறம் அச்சு அசலாக வந்திருக்கும். இதில் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு டார்ச்சோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சட்டைப் பையில் பேனா மாதிரி ஒன்று. சாவிக்கொத்தில் பட்டாணி அளவுக்கு ஒன்று. பெல்ட்டில் உறை போட்டு ஒன்று. பேன்ட்டின் வலது பையில் கனமானது ஒன்று. அதன் கனத்தில் பேன்ட் ஒரு பக்கமாக இறங்கி, நடக்கும்போது யாருக்கோ வழிவிடுவதுபோல் சாய்ந்தே நடப்பார். எல்லாம் எதற்கு? ஒப்பிட. தினமும் கையோடு எடுத்துப் போக உலகத்திலேயே சரியான சின்ன டார்ச் எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு தம் தலையில் விழுந்திருப்பதாக அவர் நம்பினார். அதை யார் தலையில் போட்டார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கேட்டவர்களுக்கும் விளக்குவார், கேட்காதவர்களை நிறுத்தி வைத்தும் விளக்குவார். பொத்தான் அடிப்பக்கம் இருந்தால் இருட்டில் தடவாமல் அமுக்கலாம், ஆனால் டார்ச்சை மேசையில் நிமிர்த்தி வைக்க முடியாது. பக்கவாட்டில் இருந்தால் வைக்கலாம், ஆனால் பைக்குள் தானாக எரிந்து தொடையைச் சுட்டுவிடும். அவருக்கு ஒருமுறை வங்கி வரிசையில் சுட்டது. துள்ளிய துள்ளலில் காவலாளி ஓடி வந்துவிட்டார். எவ்வளவு நேரம் எரியும் என்று கம்பெனிக்காரன் பெட்டியில் அச்சடித்திருப்பதை அவர் சட்டை செய்வதில்லை. சூடாகாமல் இருக்க வாளித் தண்ணீரில் டார்ச்சை நிறுத்தி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அது அணையும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பார்.

"ஏங்க, நான் குளிச்சுட்டு வேலைக்குப் போகணும்" என்று மனைவி வெளியே நின்று சொல்வாள்.

"இன்னும் மங்கவே ஆரம்பிக்கலை. கொஞ்சம் பொறு."

இந்த ஒரு பதிலைக் கேட்டுக் கேட்டே அந்த அம்மாளுக்குப் பாதி முடி நரைத்தது.

பொத்தானும் பேட்டரியும் சில்லறை விவகாரம். உண்மையான சண்டை வெளிச்சத்தின் நிறத்தில் இருக்கிறது. மஞ்சள் கலந்த வெளிச்சம்தான் பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டும் என்பது ஒரு கட்சி. நீலம் கலந்த வெள்ளைதான் கண்ணைப் பறிக்கும், தூரம் போகும் என்பது எதிர்க்கட்சி. போன் குழுக்களில் வளர்ந்த ஆண்கள் இதற்காக ஒருவரையொருவர் நாக்கூசாமல் திட்டிக்கொள்வார்கள். லூமன் மஞ்சள் கட்சியில் தீவிரவாதி. அடுத்தவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார், யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. நீல வெளிச்சக்காரனோடு மட்டும் ஒரு டீகூடக் குடிக்க மாட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். மருந்துக் கம்பெனிச் சோதனைக்கூடம் ஒன்றில் வேலை. கூட வேலை செய்யும் பையனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போயிற்று. பையன் தங்கம். பையனின் அப்பாதான் கொஞ்சம் ஒருமாதிரி. மூத்த மகனுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தத்தை, பெண்ணின் சித்தப்பா தம்மைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார் என்று பாதியில் எழுந்து வந்து முறித்தவர். அந்தச் சித்தப்பாவுக்கு முகமே அப்படித்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் காரியம் கெட்டுப்போயிருந்தது.

அந்த மனிதர் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறார் என்றதும் மகள் சும்மா இருக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"அப்பா, எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அவங்க இருக்கிற வரைக்கும் டார்ச்சைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பையில எதுவும் இருக்கக் கூடாது."

"நான் என்ன சின்னக் குழந்தையா?"

"குழந்தைன்னா கையிலேர்ந்து பிடுங்கி வச்சிருப்பேன். உங்களைக் கெஞ்ச வேண்டியிருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் நின்று, விமான நிலையத்தில் சோதிப்பதுபோல் பை பையாகத் துழாவினாள். பேனா மாதிரி, பட்டாணி, பெல்ட் உறை, கனமானது, விரல் நீளம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து மேசையில் வரிசையாக நின்றன. "விருந்தாளிகளைக் கீழே போய் நான் கூட்டிட்டு வரேன்" என்று லூமன் நல்ல பிள்ளையாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மனுஷன் எதற்கு சாக்ஸ் போட்டு ஷூ மாட்டுகிறார் என்று மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம். அடுப்பில் பால் பொங்கியதால் அதைக் கேட்க முடியவில்லை.

அவர்கள் வீடு நான்காவது மாடி. லூமன் கீழே போய்ச் சேர்ந்து, பையனின் அப்பாவுக்குக் கைகொடுத்து, பையனின் அம்மாவிடமிருந்து கேக் பெட்டியை வாங்கி, லிப்ட் பொத்தானை அமுக்கினார். அமுக்கிய விரலை எடுக்கவில்லை, கரண்ட் போய்விட்டது. நல்லவேளை யாரும் லிப்டுக்குள் இல்லை. படியேற வேண்டியதுதான். அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் உள்ளே கண்ணைக் கட்டிவிட்டதுபோல் இருக்கும்.

லூமன் இத்தனை வருடம் காத்திருந்த நேரம் இதுதான். கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இழுத்தது. நான்கு படி வரைக்கும் பொறுத்தார். ஐந்தாவது படியில் பையனின் அம்மா தடுமாறியதும், 'இது பந்தாவுக்கு இல்லை, பாதுகாப்புக்கு' என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு, குனிந்து, வலது சாக்ஸுக்குள் கையை விட்டார். கட்டைவிரல் அளவு டார்ச் ஒன்று வெளியே வந்தது. படிக்கட்டு முழுக்க இதமான மஞ்சள் வெளிச்சம் பரவியது.

பையனின் அப்பா தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். அதற்குள் கண்ணாடி இல்லை. குச்சி மாதிரி ஒரு டார்ச் படுத்திருந்தது.

"ஐயோ, இவரும் கொண்டுவந்திருக்காரா?" என்றார் பையனின் அம்மா, யாரிடமும் இல்லாமல். "எல்லாத்தையும் பிடுங்கி வச்சுட்டுத்தானே கிளம்பினேன்."

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காணாமல்போன சகோதரனைக் கண்டதுபோல் லூமனுக்குப் பாசம் பொங்கியது. அந்தப் பாசம் எதிராளி பொத்தானை அமுக்கும்வரைதான் நீடித்தது. வந்த வெளிச்சம் நீலம். பையனின் அப்பா வாழ்நாள் முழுக்கப் பெரிய கிடங்கு ஒன்றில் காவல் மேற்பார்வையாளராக இருந்தவர். கிடங்கின் அந்தக் கோடியில் நிற்பது ஆளா மூட்டையா என்று இந்தக் கோடியிலிருந்து தெரிய வேண்டும். தூரம் போகாத வெளிச்சம் அவருக்கு வெளிச்சமே இல்லை.

"சார், உங்களுது பேட்டரி தீரப் போகுதோ? மஞ்சளா அடிக்குதே" என்றார் அவர், அக்கறையாகத்தான்.

"அது பேட்டரி இல்லை சார். அதான் சரியான நிறம். உங்களுதுதான் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு."

"மேல அந்த மூலையைப் பாருங்க. உங்களுதுல தெரியுதா? என்னுதுல சிலந்தியோட கால்கூடத் தெரியுது."

"சிலந்திக் காலை வச்சு என்ன சார் பண்றது? இந்தக் கேக் பெட்டியைப் பாருங்க. சிவப்பு. உங்க வெளிச்சத்துல துருப்பிடிச்ச தகரம்."

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஊர்வலம் நின்றுவிட்டது. பையன் "அப்பா, மேல போய்ப் பேசலாம்" என்று கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை. மஞ்சளும் நீலமும் சுவரில் மோதிக்கொண்டிருந்தன. நன்றாகச் சூடேறிப்போயிருந்த லூமன், கைவசமிருந்த கடைசி ஆதாரத்தையும் எடுத்து வீசினார்.

"அவ்வளவு எதுக்கு? அம்மா முகத்தைப் பாருங்க. உங்க வெளிச்சத்துல ஒரு வாரம் காய்ச்சல்ல கிடந்தவங்க மாதிரி இருக்காங்க."

பையனின் அப்பா டார்ச்சைத் தாழ்த்தினார்.

"என் வீட்டுக்காரி எப்படி இருக்காங்கன்னு நீங்க சொல்ல வேண்டாம்" என்று நிதானமாகச் சொன்னார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "கீழே இறங்குவோமா?"

அப்போது மேலே காலடிச் சத்தம் கேட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று பார்க்க மகள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். லூமன் பழக்கதோஷத்தில் டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினார். அவள் கேட்டுவிட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் எந்த நிறமும் ஏமாற்றாது என்று அவர் எத்தனை பேரிடம் சத்தியம் செய்திருப்பார். அது அன்றைக்கும் ஏமாற்றவில்லை. பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு வெளுத்திருந்தது. கண்ணோரம் மட்டும் லேசான சிவப்பு. எந்த டப்பாவிலும் அவர் கலக்க விரும்பாத நிறம் அது. நீல வெளிச்சமாக இருந்தால் கவனிக்காமலே விட்டிருப்பார். அவருக்குத் தம்மேலேயே வெறுப்பாக வந்தது.

டார்ச்சை அணைத்து சட்டைப் பைக்குள் போட்டார்.

"சார்" என்றார். "நான் பேசினது தப்பு. அம்மா, மன்னிச்சுக்கணும். சாருதுதான் நல்ல வெளிச்சம். என்னுதுல படி எங்கே முடியுதுன்னே தெரியலை. தூரம் வேணும்னா இதுதான்."

அவர் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். பெண் பிறந்த அன்று தாம் அழவில்லை என்று அவர் சொன்ன பொய்கூட இதற்கு அடுத்தபடிதான்.

பையனின் அப்பா டார்ச்சை மறுபடி தூக்கிப் படியில் அடித்தார். ஜெயித்தவர்களுக்குத் தாராள மனசு தானாக வந்துவிடும். "அப்படிச் சொல்லாதீங்க. உங்களுதும் வீட்டுக்குள்ள பரவாயில்லை" என்றார். பையனின் அம்மா லூமன் கையிலிருந்த கேக் பெட்டியை வாங்கிக்கொண்டார். "காய்ச்சல்காரி முன்னால போறேன், நீங்க ரெண்டு பேரும் பின்னால வாங்க" என்று சொல்லி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

மேலே கரண்ட் வந்தது, டீ வந்தது, பேச்சு கல்யாணத் தேதிவரை போயிற்று. சமையலறையில் இரண்டு அம்மாக்களும் சந்தித்த கொஞ்ச நேரத்தில் பால்ய சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். "எங்க வீட்ல குளியலறை" என்று ஒருத்தி ஆரம்பிக்க, "எங்க வீட்ல பிரிட்ஜுக்குள்ள வச்சுச் சோதிப்பார்" என்று மற்றவள் முடித்தாள். அந்தச் சம்பந்தத்தை உண்மையில் முடித்தது அவர்கள்தான் என்று லூமனின் மனைவி இன்றும் சொல்வாள்.

கிளம்பும்போது பையனின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கூட்டை லூமன் கையில் வைத்து அழுத்தினார்.

"நீங்களே நல்லதுன்னு சொன்னதுக்கப்புறம் இது என்கிட்ட இருக்கக் கூடாது, சம்பந்தி. தினமும் கையோட வச்சுக்கணும்."

"தினமுமா?" என்றார் லூமன்.

"தினமும். பார்க்கிறப்பல்லாம் கேப்பேன்."

சொன்னபடியே கேட்கிறார். கல்யாணம் முடிந்து எத்தனையோ முறை சந்தித்தாயிற்று, கதவைத் திறந்ததும் "நல்லா இருக்கீங்களா" என்பதற்கு முன்பே "இருக்கா?" என்பார். லூமன் பையிலிருந்து எடுத்து அடித்துக் காட்டுவார். தலையாட்டிப் பொம்மைகள்போல் இரண்டு தலைகளும் ஆடும். ஆக, இத்தனை வருட ஒப்பீட்டுக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது. தினமும் கையோடு எடுத்துப்போக உலகத்திலேயே சரியான டார்ச் எதுவென்று தெரியவில்லை; அவர் தினமும் எடுத்துப்போவது உலகத்திலேயே அவருக்குப் பிடிக்காத டார்ச். போன் குழுவில் இந்தச் செய்தியை அவர் மறைத்து வைத்திருக்கிறார்.

அந்தக் கட்டைவிரல் டார்ச்சை மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு காணவில்லை. மனைவியைக் கேட்டார், மெத்தையைப் புரட்டினார், வாளியைக் கவிழ்த்தார். போனால் போகட்டும் என்று விட்டும்விட்டார்.

போன மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சம்பந்தி கடைக்குப் போயிருந்தார். சமையலறையில் மகள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தி கூரையில் மாட்டியிருந்த நீல பல்பின் வெளிச்சத்தில் தக்காளி பழுத்ததா பழுக்காததா என்றே சொல்ல முடியவில்லை. லூமன் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

மகள் எட்டிப் பார்த்து, வாசலில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் கையில் இருந்த வெளிச்சத்தில் தக்காளி தக்காளியாகச் சிவந்தது.

"அன்னைக்குப் படியில நீங்க சொன்னது பொய்னு எனக்குத் தெரியும்பா" என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தின்மேல் பழியைப் போடலாம் என்றால் அவள் இன்னும் வெங்காயத்தைத் தொடவே இல்லை.

"எங்கே வச்சிருக்கே இதை?" என்று மட்டும் கேட்டார்.

மகள் காலைத் தூக்கிக் காட்டினாள். வீட்டுக்குள் சாக்ஸ் போட்டிருந்தாள்.