திரேஸ்புரம் கரையில் நிமிர்ந்த கல்

யாழ்ப்பாணத்திலிருந்து சர்வதேசச் சிற்ப முகாமுக்காகத் தூத்துக்குடி வந்திருக்கிறேன். கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்ணை, இரண்டு ஆள் உயரக் கருங்கல்லில் செதுக்கி முடித்தாயிற்று. ஆனால் அவள் இன்னும் திரேஸ்புரம் மணலில் படுத்தே கிடக்கிறாள். தூக்க வந்த கிரேன் மணலில் புதைந்துவிட்டது. நாளை காலை திறப்பு விழா.

“இப்படிக் கிடந்தபடியே காட்டிவிடலாமே” என்கிறார் ஒருங்கிணைப்பாளர். எனக்கு அழுகை முட்டுகிறது.

பக்கத்தில் வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்த சூசை அண்ணாச்சி என்னிடம் வருகிறார்.

“இது எங்கன நிக்கணும் தங்கச்சி?”

“இந்தக் குழிக்குள்ள, அண்ணை. கடலைப் பாத்தபடி.”

“நிமுத்திருவோம். ஏலே, வடத்த எடுத்துட்டு வாங்கலே!”

வடம் வருகிறது, பலகைகள் வருகின்றன. மீன் விற்கும் பெண்களும் கூடையை இறக்கிவைத்துவிட்டு வருகிறார்கள். முகாமுக்கு வந்த ஜப்பான்காரரும் போலந்துக்காரியும் நானும் அவர்களோடு சேர்ந்து வடம் பிடிக்கிறோம். குரல் கொடுத்து இழுக்க இழுக்க, கல் மெல்ல நிமிர்ந்து குழிக்குள் இறங்கி நிற்கிறது.

நான் அண்ணாச்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

“எதுக்கு கும்பிடுத? இனிமே கடல்ல இருந்து வாரப்ப இவளப் பாத்துத்தான நாங்க கரைய அடையாளம் பிடிக்கணும்” என்கிறார் அண்ணாச்சி.

அதற்குள் ஒரு பெண் குடத்துத் தண்ணீரை ஊற்றிச் சிலையின் பாதத்தில் ஒட்டிய மணலைக் கழுவத் தொடங்கிவிட்டாள். நானும் அவளருகே குனிகிறேன்.