கஸ்பாரின் தாழ்ப்பாள்

1974-இல் நான் பார்த்துக்கொண்டிருந்த இல்லத்துக்கு வந்தபோது கஸ்பாருக்கு வயது நாற்பத்திரண்டு. மனவளர்ச்சி குன்றியவன் என்று அண்ணன் வீட்டில் அவனை வெளிப்பக்கம் பூட்டிய அறையில் வைத்திருந்தார்கள். எங்களிடம் அவனைப் போல நான்கு பேர். சமையலும் துணி துவைப்பதும் அவரவர் வேலை, முடியாததற்கு மட்டும் நான். கஸ்பாரின் அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தேன். முதல் நாள் அதை மத்தியானம் வரை போட்டுப் போட்டுத் திறந்தான். சோறு ஆறிப்போனது.

சில மாதங்கள் கழித்து இல்லத்தைப் பார்வையிட வந்த கமிட்டிக்காரர் எஸ்றா சாருக்கு அது பிடிக்கவில்லை. "இவன் உள்ள மாட்டிக்கிட்டா யாரு பதில் சொல்லுதது? இன்னைக்கே கழட்டிருங்கம்மா" என்றார். கஸ்பாரின் முகம் சுண்டிவிட்டது.

எவ்வளவு ஆபத்து என்று காட்டுவதற்காக சாரே உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். கடலோர உப்புக்காற்றில் அது துருப்பிடித்திருந்ததால் திறக்க வரவில்லை.

"ஏம்மா, ஆசாரியக் கூப்பிடுங்க!"

கஸ்பார் கதவிடுக்கில் வாயை வைத்தான். "கதவ மேல தூக்கும் சார். தூக்கியாச்சா? இப்ப தாழ்ப்பாள இழும். ஏசாதயும், அதுக்குப் பிடிக்காது."

மூன்றாவது முயற்சியில் கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்த சார், "எண்ணெய் போடுங்க. தாழ்ப்பாள் இருக்கட்டும்" என்றார். உடனே போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டும், என் தப்புதான்.

கிளம்பும்போது சார் கஸ்பாரின் கதவைத் தட்டி, "வாரேன் கஸ்பார்" என்றார்.

"போயிட்டு வாரும் சார். சட்டை மாத்துதேன், இப்பத் திறக்க முடியாது."