பிரசவ வார்டுக்கு ஒரு லென்ஸ்

"பின்னாடி போக இடமே இல்ல!"

காலையில் பல் துலக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் கேமராப் பையை ஆணியில் மாட்டும்போது ஒரு தடவை, அவள் இதைச் சொல்லாத நாளே கிடையாது. வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குக்கர் விசில் மாதிரி அதுவும் ஒரு சத்தம் என்று பழகிவிட்டார்கள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், பிறந்த குழந்தையையும் தாயையும் சேர்த்துப் படமெடுத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அறைக்கு ஒரு கட்டில், ஒரு தொட்டில், ஒரு ஜன்னல். கட்டிலின் கால்மாட்டிலிருந்து சுவர் வரைக்கும் ஐந்தடி. அதில் பாதியை உறவுக்காரர்களின் பைகளும் பிளாஸ்க்கும் பிடித்துக்கொள்ளும்.

முன்பெல்லாம் ஃபிளாஷ் அடித்து ஒப்பேற்றினாள். புதிதாக வந்த தலைமை நர்ஸ், பச்சைக் குழந்தை கண்ணில் என்ன வெளிச்சம் என்று அதற்குத் தடை போட்டுவிட்டார். ஃபிளாஷ் இல்லாமல், கேமராவோடு வந்த லென்ஸில் எடுத்தால் ஒன்று இருட்டு, இல்லையென்றால் கலங்கல். திங்கட்கிழமை நர்ஸ் மூன்று படங்களை மேஜைமேல் போட்டார்.

"இது குழந்தையா, தலைகாணியா? நீயே சொல்லு."

"வெளிச்சம் பத்தல சிஸ்டர்..."

"அது உன் பாடும்மா. மூணு பேர் வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அடுத்த திங்கக்கிழமையும் இதே லட்சணம்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவள் மூன்று படங்களையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வேறு ஆள் வந்தால் அவளுக்கு வேறு ஆஸ்பத்திரி கிடையாது.

வீட்டில் கொழுந்தன் தயாராக இருந்தான். அவனுக்கு வீட்டில் மெகாபிக்சல் என்று பட்டப்பெயர். கேமராவைக் கையில் பிடித்தவன் இல்லை. ஆனால் கேமராவைப் பற்றிய வீடியோ ஒன்றைக்கூட விட்டவனும் இல்லை.

"அண்ணி, நீங்க வாங்க வேண்டியது ப்ரைம் லென்ஸ். ஜூம் கிடையாது, ஆனா கொஞ்ச வெளிச்சத்துலயும் பளிச்சுனு எடுக்கும். ஐம்பது எம்எம் வாங்குங்க. விலை கம்மி, ஊரே அதத்தான் வாங்குது."

"ஊரு எந்த ரூம்ல நிக்குதோ! எனக்குச் சரிப்படுமான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

பார்க்கிற வழி அவளுக்குத் தெரியும். கேமராவோடு வந்த ஜூம் லென்ஸை ஐம்பதில் வைத்து, வளையம் நகராமல் செல்லோ டேப் ஒட்டினாள். செவ்வாய்க்கிழமை முழுக்க அதோடே நின்றாள். தாய் முகம் வந்தால் குழந்தை இல்லை, குழந்தை வந்தால் தாய்க்குத் தலை இல்லை. ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி, கதவு தாண்டி, வராந்தாவில் துணி வண்டிமேல் மோதினாள். வண்டி தள்ளிய அம்மாள் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

எண் குறைந்தால் படம் அகலமாக விழும். புதன்கிழமை டேப்பைப் பிய்த்து முப்பத்தைந்தில் ஒட்டினாள். பல்லி மாதிரிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்தால், தாயும் குழந்தையும் கச்சிதமாக உள்ளே இருந்தார்கள். சரி, முப்பத்தைந்துதான் என்று தீர்மானித்து வீட்டுக்கு வந்தால், மெகாபிக்சல் பல்லை இளித்துக்கொண்டு ஒரு பெட்டியை நீட்டினான். பிரித்த பெட்டி. ஐம்பது.

"தள்ளுபடி இன்னைக்கே கடைசி அண்ணி, அதான்..."

"உன்ன யாருடா கேட்டா?"

"கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தா..."

"எங்க தள்ளி நிக்க? ஜன்னல் வழியா குதிக்கவா? ரெண்டாவது மாடிடா!"

"அப்போ குழந்தைய மட்டும் க்ளோஸப்ல..."

"பத்து மாசம் சுமந்தவள வெட்டிட்டுக் குழந்தைய மட்டும் குடுத்தா, ஃப்ரேம் போட்டு அதாலயே என்ன அடிப்பா. கிளம்பு கடைக்கு."

கடைக்காரர் பிரித்த பெட்டிக்குப் பணம் தர மாட்டேன் என்றார், மாற்றிக்கொள்ளலாம் என்றார். புது முப்பத்தைந்தின் விலையைக் கேட்டதும் அவள் ஐம்பதின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தோ என்னவோ, அவர் கீழ் இழுப்பறையிலிருந்து பழைய முப்பத்தைந்து ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுல மோட்டார் கிடையாதுக்கா. உங்க கேமராவுல தானா ஃபோகஸ் ஆகாது, கையாலதான் திருகணும். அதான் ஒருத்தரும் சீந்தல. உங்க ஐம்பதக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

"ஐயோ அண்ணி, வேணவே வேணாம்! இந்தக் காலத்துல போய்க் கையால..."

"ரெண்டு நாள் குழந்தை எங்கடா ஓடப் போகுது?"

கடைக்காரரே சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்து, பழைய கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மெகாபிக்சலுக்குத் தண்டனை. சுவரிலிருந்து ஐந்தடி அளந்து கட்டிலைப் போட்டு, கையில் ஒரு தலையணையைக் கொடுத்துப் படுக்கவைத்தாள்.

"நீதான் தாய். அசைஞ்சே, தொலைஞ்சே."

முதலில் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை முழுசாகத் திறந்து எடுத்தாள். தலையணையில் நூல் நூலாகத் தெரிந்தது, அவன் முகம் மாவாகக் கரைந்திருந்தது. அதைக் கொஞ்சம் சுருக்கினாள். இரண்டும் தெளிந்தன. ஆஸ்பத்திரியில் எல்லா அறையிலும் ஒரே கட்டில், ஒரே ஐந்தடி. அப்புறம் எதற்குத் தடவைக்குத் தடவை திருக வேண்டும்? அந்தத் தூரத்துக்கு வளையத்தை வைத்து டேப்பை ஒட்டிவிட்டாள். இனி முதுகு சுவரில் பட்டால் ஃபோகஸ் சரி. மூன்று மணி நேரம் தாயாக இருந்தவனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

"நல்லா வேணும்" என்றாள்.

திங்கட்கிழமை முதல் அறையில் திரையை ஒதுக்கி, ஜன்னல் வெளிச்சத்திலேயே பத்துப் படம் எடுத்தாள். தலைமை நர்ஸ் கேமராவை வாங்கி, ஒரு படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். தாயின் கன்னத்தில் காய்ந்த கண்ணீர்த் தடம், குழந்தையின் இமையில் முடி ஒவ்வொன்றும் தெரிந்தன. நர்ஸ் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். பாராட்டெல்லாம் அவர் அகராதியில் கிடையாது.

"பதினாலாம் ரூம்ல ரெட்டைக் குழந்த. மத்தியானம் டிஸ்சார்ஜ். அதுக்குள்ள எடுத்துடு. நாளைலேருந்து சீக்கிரம் வா."

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது அங்கே குழந்தை பிறந்தால் அவளைப் போய்ப் பாருங்கள். காலையிலிருந்து சாயங்காலம் நாலு வரை இரண்டாம் மாடியில்தான் இருப்பாள். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் வருவாள். அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.