தட்டில் செத்த கிருமி

கல்லூரி ஆய்வகத்தில் எல்லோரும் அவளைத் 'தட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளைப் பன்னிரண்டு வருடமாகக் கழுவி அடுக்குகிறவள். அந்த ஆண்டு அங்கே ஆராய்ச்சி செய்த மேடம், வயிற்றுப்போக்குக் கிருமியின் மேல் மாதுளை ஓட்டுச் சாற்றை விட்டுப் பார்த்தார். மறுநாள் சாறு விட்ட இடத்தைச் சுற்றிக் கிருமியே இல்லை. கண்ணால் கண்ட பிறகு சந்தேகம் ஏது?

ஒரு ஞாயிறு காலை அவளுடைய ஒன்றரை வயது மகளுக்கு வயிறு தண்ணீராகப் போனது. கணவன் லாரியோடு வெளியூரில் இருந்தான். அவள் பதறவில்லை. மாதுளை ஓட்டைக் காய்ச்சி வடிகட்டிக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகுமென்று அதை நிறுத்தியும்விட்டாள்.

மதியம் போக்கு குறைந்தது.

"நம்ம கஷாயம் நிறுத்திடுச்சுங்க" என்று போனில் கணவனிடம் சொன்னாள்.

"சபாஷ்!" என்றான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது, கண்ணீர் வரவில்லை. கண்கள் குழிக்குள் போயிருந்தன. வயிற்றுத் தோலை மெல்ல மடித்துப் பிடித்து, விட்டுப் பார்த்தாள். மடிப்பு கலையாமல் அப்படியே நின்றது.

மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஞாபகம் இல்லை.

"தட்டுல செத்துச்சே மேடம்! நான் பாத்தேனே!"

"தட்டுல சாகுதும்மா. பிள்ளைங்க வயித்துல என்ன பண்ணும்னு நாம இன்னும் பாக்கவே இல்ல. உடம்புல தண்ணி வத்தினாதான் உயிருக்கே ஆபத்து. மருந்துக்கடையில உப்புக்கரைசல் பொட்டலம் வாங்கி, கலக்கிக் குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடு!"

ஆட்டோவில் ஒவ்வொரு துளியாகப் புகட்டினாள். பாதி வாயோரம் வழிந்தது. "கண்ணு, முழுங்குடா" என்று கெஞ்சினாள். குழந்தை அழுவதையும் நிறுத்தியிருந்தது. அந்த அமைதிதான் அவளைக் கொன்றது.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்ற நர்ஸ் இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது முறை, காலில் ஏறியது. சாயங்காலம்வரை அவள் சொட்டுச் சொட்டாக இறங்கும் குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு மடி சுடச்சுட நனைந்தது.

"ஐயோ, புடவையெல்லாம் போச்சே!" என்று நர்ஸ் சிரித்தாள். அவளோ ஓவென்று அழுதாள்.

மறுநாள் கணவன் வந்ததும், தண்ணீரை நிறுத்தியதை மறைக்காமல் சொன்னாள். அவன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நானும்தானே சபாஷ்னு சொன்னேன்" என்றான்.