தீபத்தன்று பிறந்தவனுக்கு இரண்டு பெயர்

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, கூடத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நினைவு அட்டையில் அம்மாவைப் பற்றி நாலு வரி போட வேண்டும். சாயங்காலத்துக்குள் அச்சகத்தில் கேட்டிருந்தார்கள். அப்பா 'பக்தியுள்ளவள்' என்றார். அண்ணன் 'உழைப்பாளி' என்றான். பேரப்பிள்ளைகள், கிறிஸ்துமஸுக்குப் பாட்டி செய்யும் முறுக்கைப் பற்றிப் போடச் சொன்னார்கள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் என் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஒரு பொய் சொல்லாதவங்கன்னு போடுங்க. அது போதும்" என்றாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்ன ஒரு பொய் எனக்குத் தெரியும். எனக்காகச் சொன்ன பொய் அது. அதற்கு முன்னால் அவள் செய்த ஒரு காரியமும் தெரியும். எங்கள் வீட்டில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நாலு வரிக்குள் அது அடங்காது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, எழுபதுகளின் நடுப்பகுதி. பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். சந்தில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்றால் நாங்கள் மட்டும்தான். நாங்கள் இருந்த வீடு எதிர்வீட்டாருடையது. அடி அண்ணாமலையில் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம்; டவுனில் விதைக்கடை போட்டு இங்கே வந்திருந்தார்கள். மாமா, அத்தை, மாமாவைப் பெற்ற ஆயா என்று மூன்று பேர். உறவு கிடையாது, ஆனால் நான் அப்படித்தான் கூப்பிட்டேன். அத்தை அந்த வருஷம் முழுகாமல் இருந்தாள். முதல் பிரசவம்.

சந்தில் யாருக்காவது பிரசவம் என்றால் அம்மாவுக்குப் பரீட்சை வந்த மாதிரி ஆகிவிடும். தையல் மிஷினில் கால் ஓடாது. சும்மா சும்மா வாசலுக்குப் போய்வருவாள். பிற்பாடு என் அக்காவுக்குப் பிள்ளைகள் பிறந்தபோதும் இதே கதைதான். பேரக்குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "சாமியார் ஊர்ல இருக்காரா?" என்று கேட்பாள். கோயில் சாமியாரைக் கொண்டு ஒரு வாரத்துக்குள் ஞானஸ்நானம் நடந்தாக வேண்டும். அக்காவின் மாமியார் புதுத்துணி, விருந்து, மெட்ராஸிலிருந்து வர வேண்டிய உறவு என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. கொஞ்சுவது, பாட்டுப் பாடுவது எல்லாம் அதற்கப்புறம்தான். நாங்கள் அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருந்தோம்.

அத்தைக்கு நாள் இன்னும் இருந்தது. ஆனால் கார்த்திகை தீபத்தன்று மத்தியானமே வலி எடுத்துவிட்டது. தீபத்தன்று எங்கள் ஊரில் டாக்டரைக் கூட்டிவருவது என்பது நடக்கிற காரியமா? பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். வண்டி ஒன்றும் நகராது. லேடி டாக்டரை அழைத்துவரப் போன மாமா கூட்டத்தில் சிக்கிக்கொண்டார். பக்கத்துத் தெரு மருத்துவச்சி மட்டும் எப்படியோ ஆளோடு ஆளாக நசுங்கி வந்து சேர்ந்தாள். அம்மா கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள். நான் செம்பில் வெந்நீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

குழந்தை பிறந்தது. அழவில்லை. நீலம் பாரித்த ஒரு சின்ன முகம். மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்தாள், உள்ளங்காலில் தட்டினாள், பிறகு உதட்டைப் பிதுக்கி அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, ரத்தப்போக்கு நிற்காத அத்தையிடம் திரும்பிவிட்டாள். அதே சமயம் வெளியே ஊரே "அண்ணாமலைக்கு அரோகரா" என்று எழுந்தது. மலையுச்சியில் தீபம் ஏற்றிவிட்டார்கள். ஆயா தலையில் கை வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்து முறையிட வாசலுக்கு ஓடினாள்.

அம்மா என் கையிலிருந்த செம்பை வாங்கினாள். தண்ணீர் அதற்குள் ஆறிப்போயிருந்தது. குழந்தையின் தலையில் ஊற்றினாள். கோயிலில் புது ஜெபங்கள் வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. ஆனால் பயத்தில் அவளுக்குப் பழையதுதான், கூடவே ஒரு பெயரும், வாயில் வந்தது. "சூசை, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் இப்படி ஊற்றலாம் என்று கான்வென்ட் விடுதியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செத்தால் நேரே மோட்சம்.

ஆனால் குழந்தை சாகவில்லை. தண்ணீர் பட்டதும் உடம்பைக் குறுக்கி, தும்மி, வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டது.

ஆயா உள்ளே ஓடிவந்து தரையில் விழுந்து கும்பிட்டாள். தீபம் தெரிந்த கணத்தில் அழுத பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அண்ணாமலை என்று வைத்தார்கள். சந்தே சந்தோஷத்தில் இருந்தது. அம்மாவின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்து, "யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அப்பாகிட்டகூட" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் நான் ஞானோபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்குகிறவள். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஞானஸ்நானம் அழியாத முத்திரை. ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான், கழுவிவிட முடியாது. அண்ணாமலை இனி வேதக்காரப் பிள்ளை. அது அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. தெரிந்தால் மாமா என்ன செய்வார்? 'என் பிள்ளைய மதம் மாத்துனியா' என்று கேட்டால் அம்மா என்ன பதில் சொல்வாள்? வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது?

அடுத்த சனிக்கிழமை அம்மா கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சாமியார் என்ன சொன்னாரோ, வெளியே வந்து முழந்தாளில் இருந்தாள், இருந்தாள், கோயில் கதவைச் சாத்த ஆள் வரும்வரை இருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் குழந்தையை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டே நான் கேட்கவில்லை. ராஜா என்பாள், கண்ணு என்பாள். அண்ணாமலை என்று வாயெடுக்க மாட்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் கையைத் தூக்கி சிஸ்டரிடம் கேட்டேன்: ஞானஸ்நானம் வாங்கினது ஒருத்தனுக்கே தெரியாவிட்டால் யார் சொல்லிக்கொடுப்பது? சிஸ்டர், அதற்குத்தான் ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் இருக்கிறார்கள் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்த அறையில் செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? பக்கத்தில் நின்றது யார்? ஆக, அண்ணாமலைக்கு நான்தான் ஞானத்தாய். ஒன்பது வயதில் இப்படி ஒரு பாரம் தலையில் வந்து விழுந்ததும் எனக்கு ராத்தூக்கம் கம்மியாகிவிட்டது.

வேலையை உடனே ஆரம்பித்தேன். விளையாட்டுக் காட்டுகிற சாக்கில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவேன். காதில் அருள் நிறைந்த மரியே சொல்வேன். திரும்பக் கொண்டுபோய் விட்டால் ஆயா நெற்றியில் விபூதி பூசி வாங்கிக்கொள்வாள். அவன் இரண்டையும் சிரித்தபடி ஏற்றுக்கொண்டான்.

ஒன்றரை வயதில் அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். வீட்டில் விருந்து. அடி அண்ணாமலையிலிருந்து சொந்தமெல்லாம் வந்திருந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். தாய்மாமன் மடியில் சந்தனம் பூசிய மொட்டைத்தலையோடு உட்கார்ந்திருந்தான். ஆயா சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணாமலை வலது கையைத் தூக்கி நெற்றியில் வைத்து, நெஞ்சில் வைத்து, இரண்டு தோளிலும் தொட்டு, விரலை முத்தமிட்டு, "ஆமே" என்றான்.

தாய்மாமன்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்னாடா மாப்ள, காது குத்துன கையோட கோயில மாத்திட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை. மாமா எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"நான்தாங்க" என்றாள்.

ஆயா கற்பூரத் தட்டோடு குறுக்கே வந்து, "கொழந்த எதுத்த வூட்ல பாத்தத செய்யுது. கொரங்குக் குட்டி மாரி. எல ஆறுது, வாங்க எல்லாரும்" என்று கலைத்துவிட்டாள். மாமா, "நாளைக்கிப் பேசிக்கலாம்" என்றார்.

அந்த 'நாளைக்கி' என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்தோம். அம்மா என்னை அடிக்கவில்லை. "வேற என்னா சொல்லிக் குடுத்திருக்க?" என்று மட்டும் கேட்டாள். அருள் நிறைந்த மரியே பாதிவரைக்கும் என்றேன்; ஆனால் அவனுக்கு ஆமென் மட்டும்தான் வருகிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்பா எதுவும் விளங்காமலே பயந்துபோய், வேங்கிக்கால் பக்கம் வீடு கிடைக்குமா என்று பேச ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் வேங்கிக்கால் என்றால் வெறும் கொல்லைமேடு. நான் என் பாடப்புத்தகங்களைக் கயிற்றால் கட்டி வைத்தேன்.

மறுநாள் மாமா கடைக்குக் கிளம்பியதும் அம்மா தானாகவே எதிர்வீட்டுக்குப் போனாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி மூடிய கதவிடுக்கில் அம்மாவின் காலும் அத்தையின் காலும் தெரிந்தன. அம்மாவின் கால்கள் நின்றபடியே இருந்தன. பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் ஒன்றும் வரவில்லை. சண்டை என்றால் சத்தம் வருமே என்று ஆறுதல்பட்டேன். சத்தமே வராத சண்டை அதைவிட மோசமாயிற்றே என்று அடுத்த நிமிஷம் நடுங்கினேன்.

அம்மா முந்தானையில் முருங்கைக்காயோடு திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. "கட்டு அவுத்து வை" என்று என் புத்தகங்களைக் காட்டினாள். பிறகு, "அவனுக்கு அவங்கம்மா இருக்கா. இனிமே நீ ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேணாம்" என்றாள். அன்று சாயங்காலம் குழந்தை தவழ்ந்தும் நடந்தும் எங்கள் வாசலுக்கு வந்தபோது, அம்மா வாய் நிறைய, "வாடா அண்ணாமல" என்றாள்.

மாமா அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. எங்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. எனக்கோ ஆத்திரம். வீடு போய்விடுமே என்று பயந்து அம்மா ஒரு ஆன்மாவையே விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். என்னை ஞானத்தாய் வேலையிலிருந்து நீக்கிவிட்டு முருங்கைக்காய் சாம்பார் வைக்கிறாளே என்று அன்றைக்குச் சாப்பிடவில்லை. வளர்ந்து, காலேஜ் போய், இதையெல்லாம் சிரிக்கிற விஷயமாக ஆக்கிக்கொண்ட பிறகும், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்பது மட்டும் தெரியாது.

நினைவு அட்டை அச்சாகி வந்த மறுநாள் எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் அத்தையிடம் கேட்டேவிட்டேன். ஆயா போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"தண்ணி ஊத்துனேன்னு சொன்னாங்க. தெரியும்க்கான்னு சொன்னேன். அன்னைக்கி நான் கண்ணுதான் மூடிக்கினு இருந்தேன், காது கேட்டுச்சே. நம்ம புள்ளைக்கி யாரோ சாமிகிட்ட சொல்றாங்கன்னு நெனச்சிக்கினேன். அதுக்கப்புறந்தான் அவங்க மொதப் புள்ளையப் பத்திச் சொன்னாங்க."

என் அண்ணனுக்கு முன்னால் ஒருவன் பிறந்திருக்கிறான். எங்களில் யாருக்கும் தெரியாது. பிறந்து கொஞ்ச நேரம் மூச்சு இருந்திருக்கிறது. அப்பா சாமியாரைத் தேடி ஓடியிருக்கிறார். சாமியார் கிராமத்துக்குப் போயிருந்தாராம். அம்மாவுக்கு ஊற்றத் தெரியும். பக்கத்திலேயே தண்ணீரும் இருந்திருக்கிறது.

"ஊத்துனா புள்ள செத்துடும்னு நாமளே ஒத்துக்கின மாரி ஆயிடும்னு பயந்து ஊத்தாம இருந்துட்டாங்களாம். அதத்தான் சொல்லிச் சொல்லி அழுதாங்க. உம் புள்ளைய எங்க கோயிலுக்குக் குடுன்னு ஒரு வார்த்த கேக்கல. அந்தப் புள்ளைக்குன்னு வெச்சிருந்த பேர உம் புள்ளைக்கி வெச்சிட்டேன், மன்னிச்சிடுன்னுதான் கேட்டாங்க. எங்க வூட்டுக்காரருக்கு என்னா சொல்லணுமோ அத நான் சொல்லிக்கினேன்."

ஞானஸ்நானம் வாங்காத குழந்தையை அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க மாட்டார்கள். மதிலுக்கு வெளியேதான். நான் வகுப்பில் முதல் பரிசு வாங்கிய பாடத்தில் இதுவும் ஒரு வரியாக இருந்தது. அதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன்.

அந்த இடம் இப்போது அத்தைக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அம்மா அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாளாம். வருகிற கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். வேலிகாத்தான் மண்டிக் கிடக்கும், அரிவாள் நான் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள் அத்தை. ஏழாவது படிக்கும் அண்ணாமலை, எங்கே போகிறோம் என்று தெரியாமலே, தானும் வருவேன் என்று நிற்கிறான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அன்றைக்கு அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி மதிலுக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனவர் அப்பா. இத்தனை வருஷமாக எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு முறை அவரிடம் பேச வாயெடுத்து, பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நாளைக் காலை அவர் எதிரில் உட்கார்ந்து, சூசை என்ற பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.