முக்கால் வினாடி

கணக்கு டீச்சருக்கு யார் மேலும் லேசில் நம்பிக்கை வராது. பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பார், பார்த்த பிறகும் முகர்ந்து பார்ப்பார். கடையில் நிறுத்து வாங்கிய காய்கறியை வீட்டுத் தராசில் இன்னொரு தடவை நிறுப்பார். மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் கணவர், "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட விசாரிச்சே?" என்று சீண்டினால், "பதினோரு பேர்கிட்ட. அதுல ரெண்டு பேர் இழுத்து இழுத்துதான் பதில் சொன்னாங்க," என்பார். அந்த ரெண்டு பேர் யார் என்று கணவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவரின் ஏழாம் வகுப்பில் ஒரு நாள் காலை, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? கூட்டிக்கொண்டு வந்த தலைமையாசிரியை, "சார் கணக்குப் பாடம் வகுப்புல எப்படி நடக்குதுன்னு ஆராய்ச்சி பண்றார். நீங்க வழக்கம்போல நடத்துங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார். வழக்கம்போல நடத்தச் சொன்னாலே ஏதோ வில்லங்கம் என்றுதானே அர்த்தம். அந்த ஆளின் மடியில் ஒரு நோட்டு, கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். இங்கே என்ன ஓட்டப்பந்தயமா நடக்கிறது?

ஒரு வகையில் ஓட்டப்பந்தயம்தான். பிள்ளைகள் டீச்சருக்கு வைத்திருந்த பெயர் எக்ஸ்பிரஸ். மற்றவர்கள் பாதிப் புத்தகத்தில் தடுமாறிக்கொண்டிருக்கும்போது இவர் மொத்தத்தையும் முடித்துவிட்டு இரண்டாவது சுற்றில் இருப்பார். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

ஆனால் அந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு சங்கதி இருந்தது. அதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறவருக்கு எப்படிப் போடுவது என்பது தண்ணீர் பட்ட பாடு. ஏன் அப்படிப் போடுகிறோம் என்பதுதான் சில இடங்களில் தெரியாது. அதிலும் இந்தப் பின்ன வகுத்தல். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பு, பிறகு பெருக்கு. எதற்குத் திருப்ப வேண்டும்? சின்ன வயதில் அவரே இதைக் கேட்டு, "விதின்னா விதிதான், உக்காரு," என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர். அப்புறம் பட்டம் வந்தது, வேலை வந்தது, பதில் மட்டும் வரவில்லை. கணக்கு டீச்சரே போய் யாரிடம் கேட்பது? அதனால் கேள்வியைப் போட்டு, பதிலையும் தானே சொல்லி, அடுத்த கணக்குக்குத் தாவிவிடுவார். 'ஏன்' என்று வாய் திறக்க யாருக்கும் இடைவெளி கிடைக்காது. இது வெளியே தெரிந்தால் இத்தனை வருட மானமும் கப்பலேறிவிடும்.

மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் அந்த ஆராய்ச்சிக்காரர் ஒரு கட்டுக் காகிதத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லாம் பழைய கணக்குப் புத்தகங்களின் நகல். எந்தக் காலத்தில் எதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அதையும் ஆராய்கிறாராம்.

"மேடம், நீங்க படிக்கும்போது பின்ன வகுத்தல் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

உலகத்தில் எத்தனையோ கணக்கு இருக்க, இந்த ஆளுக்கு இந்தப் பக்கம்தானா கிடைத்தது?

"ஞாபகம் இல்ல சார். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். நான் இதுவரைக்கும் சேத்த புத்தகத்துல எல்லாம் விதி இருக்கு, கீழ இருபது கணக்கு இருக்கு. காரணத்தைக் காணோம்."

சும்மா என்று எவனும் எதையும் கேட்க மாட்டான் என்பது டீச்சரின் தீர்மானம். ஆராய்ச்சிக்காரர் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அவர் நோட்டைப் புரட்டினார். வரிசை எண், பெஞ்சு எண், பக்கத்தில் 0.7, 0.9, 0.6. பக்கம் பக்கமாக இதேதான். ஒன்றைத் தாண்டிய எண்ணே அபூர்வம். மார்க்! பத்துக்கு முக்கால் மார்க். பாடம் நடத்த ஒரு கைக்குழந்தையை நிறுத்தினால்கூட ஒரு மார்க் வாங்கிவிடும் என்று வயிறு எரிந்தது. வாசலில் நிழலாடியது. நோட்டை மூட அவகாசமில்லை, மூடவும் அவருக்கு மனமில்லை.

"எனக்கு முக்கால் மார்க் போடற அளவுக்கு நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

அவர் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் அவர் செய்த புத்திசாலித்தனம். "மார்க் இல்ல மேடம், வினாடி. நீங்க ஒரு கேள்வி கேட்டு முடிச்சதுக்கும் மறுபடி நீங்களே பேசறதுக்கும் நடுவுல இருக்கற நேரம். உங்களுக்கு மட்டும் இல்ல, நிறைய டீச்சர்களுக்கு ஒரு வினாடிதான் வருது. மூணு வினாடி பொறுத்துப் பாத்தவங்க இருக்காங்க. பசங்க பதில் நீளமாகுது. அவங்களே கேள்வி கேக்க ஆரம்பிச்சிடறாங்க."

கடைசி வாக்கியத்தை இந்த ஆள் வேண்டுமென்றே அழுத்திச் சொன்னாரா? அன்று ராத்திரி டீச்சர் நோட்டு விஷயத்தைக் கணவரிடம் சொன்னார்.

"அந்த ஆள் உன்னையா பாக்க வந்திருக்கார்? உன் பாடத்தைத்தானே," என்றார் கணவர்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

டீச்சருக்குப் பயம் ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். முக்கால் என்ற எண் முள்ளாகக் குத்தியது. ஒரே ஒரு கேள்விக்கு, ஆபத்தில்லாத ஒரு கேள்விக்கு நாலு வினாடி பொறுத்து அந்த ஆள் கணக்கைக் கெடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் வகுப்பில் கேட்டார். "மூணை அரையால வகுத்தா எவ்வளவு?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்று. இரண்டு. வகுப்பே மிரண்டது. எக்ஸ்பிரஸ் நடுவழியில் நின்றால் பயணிகள் எட்டிப் பார்க்கத்தானே செய்வார்கள். லீடர் பையன் எழுந்தே விட்டான். "டீச்சர், நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?"

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். வருடம் முழுக்க வாய் திறக்காதவள். "ஆறு டீச்சர். மூணுக்குள்ள ஆறு அரை இருக்கு."

"சரி, உக்காரு."

அவள் உட்காரவில்லை. "அது புரியுது டீச்சர். ஆனா முக்காலை மூணுல ரெண்டால வகுக்கும்போதும் ஏன் தலைகீழா திருப்பறோம்? அங்க அப்படி எண்ண முடியலையே."

பின்னால் ஸ்டாப்வாட்ச் சொடுக்கும் சத்தம். டீச்சர் அந்த ஆளைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டமாகத்தான் இருக்க வேண்டும்.

"இதைக் கேக்கச் சொல்லி உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

பெண்ணின் முகம் சுண்டிப்போனது. "யாரும் சொல்லல டீச்சர். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க அடுத்த கணக்குக்குப் போயிடுவீங்க."

டீச்சருக்குப் பொய் கண்டுபிடிக்கத் தெரியும். அதில் அவர் தேர்ந்த கை. அந்த முகத்தில் தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. விதின்னா விதிதான் என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பிள்ளை உட்காரும்போது எப்படி உட்காரும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும், அவரும் அப்படி உட்கார்ந்தவர்தான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை இத்தனை காலம் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

யாரும் நம்பவில்லை. லீடர் பையன் பக்கத்துப் பையனிடம் முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. "சும்மா ஆழம் பாக்கறாங்கடா. நாளைக்கு டெஸ்ட் இருக்கு."

"டெஸ்ட் எல்லாம் இல்ல. நிஜமாவே தெரியாது. எப்பவுமே தெரிஞ்சதில்ல."

வகுப்பில் எல்லோரும் ஓரக்கண்ணால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வரிசைப் பெண் மட்டும் நம்பினாள். நம்பியதால்தான் நெற்றியைச் சுருக்கி, குற்றம் சொல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்.

"அப்ப இத்தனை வருஷமா இதை எப்படி டீச்சர் நடத்துனீங்க?"

"வேகமா," என்றார் டீச்சர்.