நிறுத்தக் கற்றுத்தரும் சைராகான்

மூன்றாவது முறையாகக் கதவைத் திறக்கச் சொன்னார் சைராகான் அக்கா. ஓட்டுநர் இருக்கையில் இருந்த பெண் திறந்தாள்.

"பின்னால பாத்தியா?"

"பாத்தேங்கா."

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல."

"ஒரு மாடு வந்துச்சு. இந்நேரம் அதுக்கு மூக்கு போயிருக்கும். கதவ மூடு. மறுபடியும் திற."

மாடு உண்மையாகவே வந்துகொண்டிருந்தது. எங்கள் சாரி-புலுங் ஊரில் மாடுகள் போகாத இடம் கிடையாது. பழைய கம்பளிக் கிடங்கின் முற்றம்தான் அக்காவின் பயிற்சி மைதானம். என் மருந்துக்கடை ஜன்னல் அதைப் பார்த்த மாதிரி இருப்பதால், இந்தப் பாடங்களெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருகாலத்தில் நானும் அந்த இருக்கையில் உட்கார்ந்து வியர்த்தவன்தான். இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை தேறினேன். "மருந்துக்கடைக்காரரே, நீங்க ஓட்டினா ஆமை ஹாரன் அடிச்சிட்டு முந்திப் போகும். அப்படியே ஓட்டுங்க, நூறு வயசு இருப்பீங்க" என்று சொல்லித்தான் என்னை அனுப்பி வைத்தார்.

ஐம்பதைத் தாண்டிய, தோள் அகன்ற பெண்மணி. பின்னுக்கு இழுத்துக் கட்டிய தலைத்துணி, சிரித்தால் மின்னும் இரண்டு தங்கப் பற்கள். கூட்டுப்பண்ணைக் காலத்தில் கிழங்கு லாரி ஓட்டியவர். வண்டிக்குள் ஏறும்போது ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, கனத்த கம்பளிக் காலுறையோடு உட்காருவார். அவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. "பிரேக்க மிதிக்கிறது செருப்பு இல்ல, காலு. காலுக்கு விஷயம் தெரியணும்" என்பார். சட்டைப் பையில் எப்போதும் குருத் இருக்கும், புளித்த தயிரை உருட்டிக் காய வைத்த உருண்டை. மாணவர் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தால் ஒன்று கிடைக்கும். "இன்னிக்கு எத்தன குருத்?" என்றுதான் வீடுகளில் கேட்பார்கள். நான் மொத்தப் பயிற்சியிலும் வாங்கியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவரிடம் சேருகிறவர்கள் முதல் சில நாட்கள் சாவியைத் தொடவே முடியாது. சந்தைக்கு எதிரே, இரண்டு கையிலும் பையோடு, நெடுஞ்சாலையை நடந்து கடக்கச் சொல்வார். போ, வா, மறுபடியும் போ. லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது பையன்களின் முகம் வெளுக்கும். "பயமா இருக்கா? நல்லது. நாளைக்கு நீ உள்ள உக்காந்திருப்ப, வெளிய ஒரு பொம்பள பையோட நிப்பா. அவ முகத்த இப்பவே ஞாபகம் வச்சுக்கோ."

வண்டி ஓட்டுவதைப் பற்றி அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. "ஓட்டறது எவனுக்கும் வரும். என் புருஷனுக்கே வந்துச்சு. நிறுத்தறதுதான் வித்தை." அந்தப் புருஷன் ஒரோஸ்பாய், ஊரறிந்த சாது. அவரை மட்டும் அக்கா தேற விடவே இல்லை. "அவருக்குக் குதிர போதும். ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது ரோட்டுல கவனம் இருக்கணும், குதிரைக்கு இருக்கு." ஆனாலும் குதிரை வாலில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை ஒன்றைத் தைத்துவிட்டிருக்கிறார். அந்தி நேரத்தில் ஒரோஸ்பாய் வீடு திரும்பும்போது முதலில் வால்தான் தெரியும்.

தலைநகரிலிருந்து ஏரிக்குப் போகிற நெடுஞ்சாலை எங்கள் ஊரை நடுவே பிளந்துகொண்டு போகிறது. முன்பு அதில் குழிகளுக்கு நடுவே கொஞ்சம் சாலை இருந்தது. வாரத்துக்கு நாலு வண்டி எதன் மீதாவது முட்டும், அச்சு ஒடியும், டிரைவர் இறங்கி வந்து திட்டுவான், என்னிடம் பஞ்சும் களிம்பும் வாங்கிப் போவான். பிறகு புதுச் சாலை வந்தது. கண்ணாடி மாதிரி. ஊரே அதில் நின்று படம் எடுத்துக்கொண்டது. இப்போது முட்டல்கள் குறைந்துவிட்டன. ஆனால் முட்டினால் களிம்பு வாங்க யாரும் வருவதில்லை.

போக்குவரத்து அலுவலகத்தின் சுவரொட்டி ஒன்றை என் கடைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். இந்த ஆண்டு விபத்துகள் குறைந்திருக்கின்றன என்று படம் போட்டுக் காட்டியிருந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்த அக்கா அதைக் கீழ்வரி வரை படித்தார். கீழ்வரியில், சிறிய எழுத்தில், இறந்தவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது.

"அவங்களும் பொய் சொல்லல பாத்தீங்களா?" என்றார். "எழுத்தைத்தான் சின்னதாப் போட்டிருக்காங்க."

அந்தச் சின்ன எழுத்தில் கயிர்பெக்கும் ஒருவன். அக்காவிடம் பயின்ற நல்ல பிள்ளைகளில் ஒருவன், முதல் முறையிலேயே தேறியவன். பாலத்துக்கு முன்னால் இருக்கும் நெட்டிலிங்க மரத் திருப்பத்தில், ஒரு கல்யாணத்திலிருந்து திரும்பும்போது போய்விட்டான். ஓட்டியது வேறொருவன். கயிர்பெக் பின்சீட்டில் இருந்தான். துக்க வீட்டில் எல்லாப் பெண்களும் குரலெடுத்து அழ, அக்கா மட்டும் சுவரோரம் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டச் சொல்லிக் குடுத்தேன். உக்காந்துட்டுப் போகச் சொல்லிக் குடுக்கலையே" என்று என் மனைவியிடம் ஒருமுறை சொன்னாராம். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆனால் அடுத்த வாரத்திலிருந்து முற்றத்தில் ஒரு புதுப் பாடம் தொடங்கியது. மாணவர்கள் பின்சீட்டில் உட்கார வேண்டும். அக்கா ஓட்டுவார், வேண்டுமென்றே கண்டபடி. அவர்கள் கத்த வேண்டும்: "நிறுத்துங்க, நான் எறங்கறேன்!" மெதுவாகச் சொன்னால் கேட்காத மாதிரி இன்னொரு சுற்று சுற்றுவார். "ஏம்மா, வெக்கமா? சாவுறதுக்கு வெக்கம் இல்ல, கத்தறதுக்கு வெக்கமா?" கூச்ச சுபாவமுள்ள பெண்கள் முற்றத்தில் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டுச் சந்தையே சிரித்தது. இறைச்சிக் கடைக்காரர் அவரைக் கண்டாலே "நிறுத்துங்க, நான் எறங்கறேன்" என்று வம்புக்கு இழுப்பார். "நீ எறங்கு, ஆட்டுக்காவது நிம்மதி" என்று பதில் வாங்கிக்கொள்வார்.

போன இலையுதிர்காலத்தில் அக்காவின் தம்பி அசன்குலின் மகன் எல்தியாருக்குக் கல்யாணம். பெண் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். எங்கள் பக்கக் கல்யாணம் என்றால் ஊர்வலமாகப் போய்ப் பெண்ணை அழைத்து வர வேண்டும். வரிசையாகக் கார்கள், விடாத ஹாரன், யார் முந்துவது என்ற பந்தயம். இந்தப் பந்தயத்தில் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் அடுத்த கல்யாணத்தில் யாரும் மெதுவாகப் போவதில்லை.

அக்கா நிபந்தனை போட்டார்: நான்தான் முன்னால் போவேன், யாரும் என்னை முந்தக் கூடாது, மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

"அக்கா, இது கல்யாணம்க்கா, சாவு ஊர்வலம் இல்ல" என்றார் அசன்குல்.

"அதுக்குத்தான்டா சொல்றேன்."

மறுக்க முடியவில்லை. தாய்க்குப் பின் அசன்குலை வளர்த்தவர் அவர். பயிற்சி வண்டியின் கூரை மேலிருந்த முக்கோணப் பலகையைச் சுற்றிப் பிள்ளைகள் ரிப்பன் கட்டினார்கள். கற்றுக்குட்டி வண்டி என்று எழுதிய பலகையை முன்னே வைத்துக்கொண்டு ஊர்வலம் போனது எங்கள் ஊர் வரலாற்றில் அதுதான் முதல் முறை.

போகும்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெண் வீட்டில் விருந்து, பாட்டு, கண்ணீர். திரும்பும்போது, வாசலில் எடுத்த படத்துக்காக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த எல்தியார் இறங்கவே இல்லை. நண்பர்கள் கை தட்டினார்கள். அசன்குல் பார்க்காத மாதிரி வேறு வண்டியில் ஏறிக்கொண்டார். அக்கா அதற்குள் வரிசையின் தலைக்குப் போய்விட்டதால் தெரியவில்லை. மாப்பிள்ளை வண்டியின் பின்சீட்டில், மடியில் ஜமக்காளப் பொதியோடு, நான்.

எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால்தான் முன்னால் போகிற வண்டியைத் தாண்டி எதிரே பார்க்க முடியும். எல்தியாருடையதோ ஜப்பானிலிருந்து மலிவாக வந்த வெள்ளைக் கார். ஸ்டியரிங் வலப்பக்கம். முந்த வேண்டுமென்றால் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்று இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் மணப்பெண் மீரிம்.

"பாரு, வழி இருக்கா?" என்றான் எல்தியார்.

அவள் முகத்திரையை விலக்கிப் பார்த்தாள். "தெரியலையே."

"வண்டி வருதா இல்லையா, அதச் சொன்னாப் போதும்."

பின்னால் நண்பர்கள் ஹாரன் அடித்தார்கள். "ஓய் மாப்ள, அத்தைக்குப் பயந்தவனே!" என்று ஒருவன் ஜன்னல் வழியே கத்தினான். எல்தியாரின் காது சிவந்தது. எனக்கு எத்தனையோ சொல்ல வந்தது. அக்கா கற்றுக்கொடுத்த வார்த்தைகள் நாக்கு வரைக்கும் வந்தன. கல்யாண வண்டியில் அபசகுனமாக ஏதாவது பேசுவதா என்று விழுங்கினேன்.

"இப்ப?"

"வண்டி இல்ல போலருக்கு" என்றாள் மீரிம்.

வண்டி சட்டென்று இடப்பக்கம் பாய்ந்தது. எதிரே லாரி. அதன் ஹாரன் இன்னும் என் காதில் இருக்கிறது. எல்தியார் எப்படித் திருப்பினான் என்று அவனுக்கே தெரியாது. பழைய இடத்துக்கு வந்து விழுந்தோம். லாரியின் காற்றில் எங்கள் கார் ஒருமுறை ஆடி அடங்கியது.

முன்னால் அக்காவின் விளக்கு கண் சிமிட்டியது. பதற்றமே இல்லாமல், பாடத்தில் காட்டுகிற மாதிரி, வண்டி மெல்ல மெல்ல வேகம் குறைந்து சரளைக் கல் ஓரத்தில் இறங்கி நின்றது. பின்னால் ஊர்வலம் முழுக்க ஒவ்வொன்றாக நின்றது. ஹாரன்கள் ஓய்ந்தன.

அக்கா கதவைத் திறக்குமுன் பின்னால் பார்த்தார். இறங்கி நடந்து வந்தார். திட்டவில்லை. ஜன்னலுக்குள் கையை நீட்டி, "சாவி" என்றார்.

எல்தியார் அசையவில்லை. அசன்குல் ஓடி வந்தார். "அக்கா, பொண்ணு ஏறின வண்டிய நடுவழியில நிறுத்துவாங்களா? அங்க எல்லாரும் காத்துட்டிருக்காங்க. ஊர் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். சொல்றதுக்கு நீ இருப்ப, கேக்கறதுக்கு நான் இருப்பேன்."

"ஒரு நாள் கூத்துக்கா! இன்னிக்கு ஒரு நாள் விட்டுக்குடு. இல்லன்னா அக்கா தம்பிங்கிறதே இதோட முடிஞ்சுது."

அக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

அப்போதுதான் இடப்பக்கக் கதவு திறந்தது. மீரிம் இறங்கினாள். வெள்ளை அங்கியின் ஓரம் தூசியில் புரண்டது. முன்தினம் வரை எங்களில் யாரையும் அறியாத பெண். அவள் குரல் நடுங்கியது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"என்னப் பாத்துச் சொல்லச் சொல்றாருங்க அத்தை. நான் வழி இருக்குன்னு சொன்னேன். எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. இத்தனை பேர் உசுர எங்கிட்டக் குடுத்தா நான் என்ன பண்ணுவேன்? நான் உங்ககூட வர்றேன்."

எல்தியார் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாவியைப் பிடுங்கி அத்தையின் கையில் வைத்துவிட்டு, இறங்கிப் போய் மீரிமுக்காகப் பயிற்சி வண்டியின் முன்கதவைத் திறந்துவிட்டான். தான் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

அக்கா சாவியை என்னிடம் வீசினார். "மருந்துக்கடைக்காரரே, ஆமை மாதிரி ஓட்டுங்க."

மணப்பெண் முன்னால் போகும்போது அவளை முந்துவது மரியாதையில்லை. நண்பர்களுக்கும் வேறு வழியில்லை. நெட்டிலிங்க மரத் திருப்பத்தில் அக்கா இன்னும் மெதுவாகப் போனார். அவ்வளவு பெரிய ஊர்வலம் அங்கே ஹாரன் இல்லாமல் கடந்தது. எதிரே ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. கடக்கும் வரை நின்றோம். இடையன் எங்களை வினோதமாகப் பார்த்தான்.

ஊர் வந்து சேர்ந்தபோது விருந்து ஆறியிருந்தது. வாசலில் பெண்கள் இனிப்புத் தூவக் காத்திருந்தார்கள். மருமகளுக்குப் போர்த்த வெள்ளைச் சால்வையோடு மாமியார் நின்றார். எல்தியார் இறங்கினான். அக்கா என்ஜினை அணைத்தார். ஆனால் இறங்கவில்லை. வெள்ளைக் காரின் சாவியைக் கொடுக்க நான் ஜன்னலருகே போனேன். மறுபக்கத்திலிருந்து அசன்குல் வேகமாக வந்தார், வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த வசவுகளோடு.

"எறங்குங்க அத்தை" என்றாள் மீரிம்.

"எறங்கறேன்மா. கை வர மாட்டேங்குது."

அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தன. கணுக்கள் வெளுத்து, விரல்கள் விறைத்துப்போய், வேறு யாருடையவோ போல. அசன்குல் அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்.

மீரிம் தன் கையுறைகளை உருவி மடியில் வைத்தாள். சாய்ந்து உட்கார்ந்து, அக்காவின் விரல்களைச் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வலது கை முதலில் விடுபட்டது. அக்கா அதை இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தார். பிறகு அந்தக் கையைக் கீழே கொண்டுபோய், கைப்பிரேக்கை இன்னும் ஒரு பல் மேலே இழுத்து இறுக்கினார்.